137 நாள் அசையாத விலைப் பலகை

2022 மார்ச் 22, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். தாம்பரம் பக்கம் நான் வழக்கமாகப் பெட்ரோல் போடும் பங்கில், எனக்கு முன்னால் காய்கறி மூட்டையோடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றது. "ஏத்திட்டாங்களாம்மா?" என்று பம்பைப் பிடித்திருந்த பெண்ணிடம் கேட்டார் அந்த வண்டிக்காரர். "ஆமாண்ணா, 76 பைசா" என்றார் அவர். "அவ்ளோதானா?" என்று இவர் சிரிக்க, "இன்னைக்கு அவ்ளோதாண்ணா" என்று பதில் வந்தது. அப்புறம் வழக்கம்போல, "ஜீரோ பாத்துக்கோங்க."

அன்று காலை ஆறு மணிக்குச் சென்னையில் பெட்ரோல் 101.40 ரூபாயிலிருந்து 102.16 ஆனது. அந்த 101.40 என்ற எண் முந்தைய ஆண்டு தீபாவளியிலிருந்து 137 நாட்களாகப் பலகையில் அசையாமல் நின்றிருந்தது. இடையில் உத்தரப் பிரதேசம், பஞ்சாப், உத்தராகண்ட், கோவா, மணிப்பூர் என்று ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்தது. மார்ச் 10 அன்று வாக்கு எண்ணிக்கை முடிந்தது. அதற்கு 12 நாள் கழித்துப் பலகை நகர ஆரம்பித்தது.

"எலெக்‌ஷன் முடியட்டும், ஏத்திடுவாங்க பாருங்க" என்பது டீக்கடையில் யாரும் சொல்லக்கூடிய ஆருடம். அது பலிக்கிறதா, பலித்தால் எவ்வளவு தூரம், இடையில் ஆகும் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று இந்த 137 நாட்களை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

விலை யார் கையில்?

காகிதத்தில் பார்த்தால் அரசின் கையில் இல்லை. பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை 2010 ஜூன் 25 அன்று மத்திய அரசு எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டது. டீசலுக்கு அந்த விடுதலை 2014 அக்டோபர் 18 அன்று கிடைத்தது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் முறை வந்தது. அதற்கு முன் மே மாதமே ஐந்து நகரங்களில் இதை ஓட்டிப் பார்த்தார்கள்; அவற்றில் ஒன்று புதுச்சேரி.

ஆனால் நாட்டின் பெட்ரோல் பங்குகளில் பத்துக்கு ஒன்பது இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களுடையவை. முதல் இரண்டிலும் பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம். மூன்றாவதின் பெரும்பான்மை ஓ.என்.ஜி.சி.யிடம், அந்த ஓ.என்.ஜி.சி.யும் அரசு நிறுவனம்தான். முதலாளி எதுவும் சொல்லவில்லை, மேனேஜரே யோசித்து முடிவெடுத்தார் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எழுத்தில் உத்தரவு எதுவும் வெளிவந்ததில்லை. அரசும் ஒவ்வொரு முறையும், விலையைத் தீர்மானிப்பது நிறுவனங்கள், தேர்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொல்லிவந்திருக்கிறது. ஆக, நம் கையில் இருப்பது தேதிகள் மட்டும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், தினசரி விலை மாற்றம் வந்த பிறகுதான் தேர்தலின் கை வெளியே தெரிந்தது. மாதம் இரண்டு முறை மாறும் விலை ஒருமுறை மாறாவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். தினமும் மாறும் விலை 19 நாள் மாறாவிட்டால் கவனிப்பார்கள்.

19 நாள், அப்புறம் 1 பைசா

அந்த 19 நாள் 2018 கர்நாடகத் தேர்தல் சமயம். ஏப்ரல் 24க்குப் பிறகு டெல்லியில் பெட்ரோல் 74.63 ரூபாயிலேயே நின்றது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கா ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. கச்சா எண்ணெய் ஏறியது, ரூபாய் இறங்கியது. இரண்டும் விலையை மேலே தள்ளும் சங்கதிகள். பலகை மட்டும் அசையவில்லை. மே 12 சனிக்கிழமை வாக்குப்பதிவு. மே 14 திங்கட்கிழமை காலை 17 பைசா ஏறியது. வாக்கு எண்ணிக்கை வரைகூடப் பொறுக்கவில்லை.

பிறகு 16 நாள் தொடர்ந்து ஏற்றம். மே 29 அன்று டெல்லி விலை 78.43. மொத்தம் 3 ரூபாய் 80 பைசா. மறுநாள் காலை, விலை 60 பைசா குறைந்துவிட்டது என்று செய்தி பரவியது. சில மணி நேரத்தில் இந்தியன் ஆயில் திருத்தம் வெளியிட்டது: கணக்கில் பிழை, குறைந்தது 1 பைசாதான். நாடு முழுக்கச் சிரித்தது. அன்று பத்து லிட்டர் போட்டவருக்கு 10 பைசா மிச்சம்.

இதை ஒரு கட்சியின் பழக்கம் என்று எழுதிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் 2011ஐப் பாருங்கள். தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளம், அசாம், புதுச்சேரித் தேர்தல் முடிவுகள் மே 13 அன்று வந்தன. மே 14 நள்ளிரவு முதல் பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது. ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. விலையைச் சந்தையிடம் விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நம் ஊரில் ஆட்சி மாறிய வெடிச்சத்தம் அடங்குவதற்குள் பங்கில் விலை மாறிவிட்டது.

அதே கூட்டணி 2009 ஜனவரி கடைசியில், மக்களவைத் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, பெட்ரோலை 5 ரூபாயும் டீசலை 2 ரூபாயும் குறைத்தது. தேர்தல் முடிந்து ஜூலை முதல் வாரத்தில் 4 ரூபாயும் 2 ரூபாயும் ஏற்றியது. நியாயமாகப் பேசினால், 2008 ஜூலையில் 147 டாலர் வரை போன கச்சா எண்ணெய் அந்தக் குளிர்காலத்தில் 40 டாலர் பக்கம் விழுந்திருந்தது, கோடையில் மறுபடி ஏறியிருந்தது. குறைத்ததற்கும் காரணம் இருந்தது, ஏற்றியதற்கும் இருந்தது. சந்தேகம் வருவது தேதியில்தான்.

தமிழ்நாட்டுத் தேர்தலின்போது

2021 பிப்ரவரி 26 அன்று தேர்தல் ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து சட்டமன்றங்களுக்குத் தேதி அறிவித்தது. மறுநாள் ஒரு ஏற்றம். அதோடு நிறுத்தம். நடுவில் நான்கு முறை பைசாக் கணக்கில் குறைத்தார்கள், எல்லாம் சேர்ந்து டெல்லியில் 77 பைசா. மே 2 அன்று முடிவுகள். மே 4 முதல் மறுபடி ஏற்றம். ஜூலை 2 அன்று சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது.

இங்கே டீக்கடை ஆருடத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த இரண்டு மாத நிறுத்தத்தில் கச்சா எண்ணெய் பெரிதாக ஏறவில்லை. மார்ச் கடைசியில் கொஞ்சம் இறங்கி, மே தொடக்கத்தில் பழைய இடத்துக்குத்தான் வந்திருந்தது. ஆகவே தேக்கி வைத்த பாக்கி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜூலையில் நூறைத் தாண்டியதற்கு முக்கியக் காரணம், மே, ஜூன் மாதங்களில் கச்சா எண்ணெய் உண்மையிலேயே ஏறி 75 டாலரைத் தொட்டது. அந்த ஏற்றத்தைத் தேர்தல் கணக்கில் எழுதினால் தப்பு.

இன்னொரு பக்கம் வரி. அப்போது ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் கலால் வரி மட்டும் 32.90 ரூபாய். டெல்லியில் 91.17க்கு விற்றபோது எண்ணெய் நிறுவனம் டீலருக்குக் கொடுத்த விலை 33 ரூபாய் 50 பைசா பக்கம்தான். எண்ணெய்க்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு கலால். அதற்கு மேல் மாநிலத்தின் வாட் வரி 21 ரூபாய். மீதி 3.69 டீலர் கமிஷன். கலாலில் மாநிலங்களோடு பங்கு பிரிக்க வேண்டிய அடிப்படை வரி வெறும் 1.40. மற்றதெல்லாம் செஸ், சிறப்பு வரி என்று டெல்லிக்கே. தேர்தல் மேடையில் பெட்ரோல் விலை பேசப்பட்டபோது உண்மையில் பேசப்பட்டது இந்த வரிதான்.

திமுக தேர்தல் அறிக்கை பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்போம் என்றது. ஆட்சிக்கு வந்து, ஆகஸ்ட் 13 அன்று பழனிவேல் தியாகராஜன் வாசித்த பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றார். மறுநாள் சென்னையில் 102.49 போய் 99.47 வந்தது. டீசலைத் தொடவில்லை. தேர்தல் பெட்ரோல் விலையைக் குறைத்ததற்கு நேரடி உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: வாக்குறுதி 5, வந்தது 3, அதுவும் வாக்கு எண்ணி மூன்று மாதம் கழித்து.

137 நாள்

இனி நம் பலகைக்கு வருவோம். 2021 நவம்பர் 2 அன்று இடைத்தேர்தல் முடிவுகள் வந்தன. இமாச்சலப் பிரதேசத்தில் மண்டி மக்களவைத் தொகுதியிலும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளிலும் பாஜக தோற்றது. அந்த மாநில முதல்வரே விலைவாசியை ஒரு காரணமாகச் சொன்னார். மறுநாள், தீபாவளிக்கு முந்தின இரவு, மத்திய அரசு கலாலில் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் குறைத்தது. சென்னையில் 106.66 என்று இருந்த பெட்ரோல் 101.40 ஆனது. டீசல் 102.59லிருந்து 91.43.

மக்களுக்குத் தீபாவளிப் பரிசு. பங்க் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி. பண்டிகை விடுமுறைக்கு முன் டேங்கை நிரப்பி வைப்பது வழக்கம். 20,000 லிட்டர் பெட்ரோலைப் பழைய வரி கட்டி இறக்கி வைத்தவருக்கு விடிந்தால் ஒரு லட்சம் ரூபாய் காணோம். அதே அளவு டீசல் என்றால் இரண்டு லட்சம். எனக்குத் தெரிந்த ஒரு டீலர் அந்தத் தீபாவளியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் முகம் மாறுவார்.

அன்று பிரென்ட் கச்சா எண்ணெய் 80 டாலர் சொச்சம். நவம்பர் கடைசியில் ஒமைக்ரான் பயத்தில் 70க்குக் கீழே விழுந்தது. தினசரி முறைப்படி விலை குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. ஜனவரியிலிருந்து ஏற ஆரம்பித்தது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 7 அன்று வர்த்தக நேரத்தில் 139 டாலர் வரை போனது. அன்றுதான் உத்தரப் பிரதேசத்தில் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு. சென்னையில் 101.40.

ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் 76 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்கு ஏறக்குறைய 48 பைசா. தீபாவளிக்கும் மார்ச் மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் கச்சா எண்ணெய் 30 டாலருக்கு மேல் ஏறியிருந்தது. சுத்திகரிப்புச் செலவு, வரியெல்லாம் விட்டுவிட்டாலும் 15 ரூபாய் பாக்கி.

எல்லோருக்கும் இது தெரிந்தே இருந்தது. தேர்தல் சலுகை முடியப்போகிறது, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள் என்று மார்ச் முதல் வாரத்தில் ராகுல் காந்தி கிண்டலாகப் பதிவிட்டார். மக்கள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, நிரப்பினார்கள்.

டீசலில் நடந்தது இன்னும் விசித்திரம். போக்குவரத்துக் கழகம், தொழிற்சாலை, ரயில்வே போல மொத்தமாக வாங்குபவர்களுக்குத் தனி விலை உண்டு. அந்த வாடிக்கையாளர்கள் தேர்தல் கணக்கில் வரமாட்டார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு மட்டும் மார்ச் 20 வாக்கில் ஒரேயடியாக லிட்டருக்கு 25 ரூபாய் ஏற்றினார்கள். மும்பையில் மொத்த விலை 122, பங்கில் 94. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதுதானே ஊர் வழக்கம்? இங்கே தலைகீழ். பஸ்கள் டிப்போவை விட்டுப் பங்கில் வரிசையில் நின்றன. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் நீதிமன்றத்துக்கே போனது. அந்த 122தான் அன்றைய டீசலின் நிஜ விலைக்குப் பக்கத்தில் இருந்த எண் என்று நினைக்கிறேன்.

மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாளில் 14 ஏற்றம். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 76 பைசா. டெல்லியில் மொத்தம் 10 ரூபாய். சென்னையில் பெட்ரோல் 110.85, டீசல் 100.94.

நூறு ரூபாய்க்குப் போடுபவர்தான் பங்கில் அதிகம். அவர்களுக்கு எப்போதும் நூறு ரூபாய் நூறு ரூபாய்தான், அளவுதான் மாறும். 101.40 விலையில் அந்த எக்ஸ்எல்காரருக்கு நூறு ரூபாய்க்கு 986 மில்லி கிடைத்தது. ஏப்ரல் 6 அன்று 902 மில்லி. வித்தியாசம் 84 மில்லி, ஏறக்குறைய ஒரு கிளாஸ் டீ.

பாக்கியை யார் கட்டினார்கள்?

15 ரூபாய் பாக்கியில் 10 ரூபாய்தான் பங்கில் வசூலானது. ஏப்ரல் 6க்குப் பிறகு மறுபடி நிறுத்தம். மே 21 அன்று நிர்மலா சீதாராமன் கலாலில் இன்னும் ஒரு குறைப்பு அறிவித்தார்: பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6. அரசுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி இழப்பு என்றார். சென்னையில் பெட்ரோல் 102.63 ஆனது. தீபாவளிக்கு 101.40, மே மாதக் கடைசியில் 102.63. நடுவில் அவ்வளவு ஆர்ப்பாட்டம், கடைசியில் வித்தியாசம் 1 ரூபாய் 23 பைசா.

மீதியைச் சுமந்தவை எண்ணெய் நிறுவனங்கள். 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் 10,197 கோடி நஷ்டம் காட்டியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 21,201 கோடி நஷ்டம். அதுவும் சமையல் காஸ் சிலிண்டர் நஷ்டத்துக்காக அரசு தந்த 22,000 கோடியை வரவில் சேர்த்த பிறகு.

தனியார் பங்குகள் நிலைமை இன்னும் மோசம். நயாரா, ஜியோ-பிபி போன்றவற்றுக்கு நஷ்டத்தை ஈடுகட்ட எந்த அரசும் இல்லை. விலையை ஏற்றினால் வண்டி வராது, ஏற்றாவிட்டால் லிட்டருக்கு லிட்டர் நஷ்டம். சில இடங்களில் விற்பனையையே குறைத்துக்கொண்டார்கள். கூட்டம் பொதுத்துறை பங்குகளுக்கு வந்தது, ஜூனில் பல மாநிலங்களில் "ஸ்டாக் இல்லை" அட்டை தொங்கியது. கடைசியில் ஜூன் 17 அன்று, உரிமம் பெற்ற எல்லாப் பங்குகளும் கட்டாயம் விற்கவேண்டும் என்று அரசு விதியை விரித்தது. இது புதுக்கதையும் இல்லை. 2008லேயே ரிலையன்ஸ் இதே போட்டியில் நிற்க முடியாமல் 1,400க்கும் மேற்பட்ட பங்குகளை மூடியது. விலையைத் தேர்தலுக்காக நிறுத்தினால் முதலில் அடிபடுவது போட்டி. இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பிறகு காட்சி திரும்பியது. 2023ல் கச்சா எண்ணெய் பெரும்பாலும் 75–90 டாலருக்குள் இறங்கிவந்தது. பலகையில் அதே 102.63. இந்த முறை அசையாத பலகை நிறுவனங்களுக்குச் சாதகம். 2023–24ல் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 81,000 கோடி லாபம் பார்த்தன. சுத்திகரிப்பு லாபமும் அதில் உண்டு, எல்லாம் பங்கிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் முந்தைய நஷ்டம் எங்கிருந்து வசூலானது என்று தெரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. 2022 தொடக்கத்தில் நாம் குறைந்த விலைக்குப் போட்டது கைமாற்று. 2023ல் லிட்டர் லிட்டராகத் திருப்பிக் கட்டினோம். ஓட்டுப் போட்ட உத்தரப் பிரதேசத்துக்காரரும் கட்டினார், அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லாத தாம்பரத்துக்காரரும் கட்டினார்.

சரி, ஓட்டு கிடைத்ததா?

2022ல் உத்தரப் பிரதேசத்தில் பாஜக 255 இடங்களோடு ஜெயித்தது. அதே நிறுத்தப்பட்ட விலையில் பெட்ரோல் போட்ட பஞ்சாப், ஆம் ஆத்மிக்கு 92 இடம் கொடுத்தது. 2018 கர்நாடகத்தில் 19 நாள் நிறுத்தியும் பாஜக 104ல் நின்றது, பெரும்பான்மை வரவில்லை. 2021ல் இங்கே அதிமுக கூட்டணி தோற்றது. பெட்ரோல் விலையை நிறுத்தினால் ஓட்டு விழும் என்பதற்கு இந்த வரிசையில் ஆதாரம் ஏதும் இல்லை. ஏற்றினால் ஓட்டு போய்விடும் என்ற பயம் மட்டும் எல்லாக் கட்சிக்கும் பொது.

இந்தப் பயத்துக்கு விலை கட்டியவர்களில் எண்ணெய் நிறுவனங்களின் பங்குதாரர்களும் உண்டு. 2018 அக்டோபர் 4 அன்று, ஐந்து மாநிலத் தேர்தல் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு, அருண் ஜேட்லி லிட்டருக்கு 2.50 குறைப்பு அறிவித்தார். அதில் 1.50 கலால், மீதி 1 ரூபாயை எண்ணெய் நிறுவனங்கள் ஏற்கும் என்றார். விலையை நிறுவனங்கள்தான் முடிவு செய்கின்றன என்று எட்டு வருடமாகச் சொல்லிவந்த பேச்சை நிதியமைச்சரின் அந்த ஒரு ரூபாய் உடைத்துவிட்டது. மூன்று நிறுவனங்களின் பங்கு விலையும் கடுமையாகச் சரிந்தது. சந்தைக்கு உத்தரவின் நகல் தேவைப்படவில்லை.

2022 மே மாதத்துக்குப் பிறகு தினசரி மாற்றம் பெயரளவில்தான் இருந்தது. குஜராத், இமாச்சல், கர்நாடகம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் எல்லாம் தேர்தலை முடித்தன. விலை மாறவே இல்லை. இதனால் ஆய்வுக்கே ஒரு சிக்கல். எப்போதும் அசையாத பலகையில் தேர்தலுக்காக நின்ற நாள் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தியாவில் தேர்தல் இல்லாத மாதமும் அரிது, ஆகவே எந்த நிறுத்தத்தையும் ஏதோ ஒரு தேர்தலோடு முடிச்சுப் போட்டுவிடலாம். 2020ல் மார்ச் நடுவிலிருந்து 82 நாள் விலை நின்றது. அதற்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை. ஊரடங்கில் எண்ணெய் விலை விழுந்தபோது, அந்தக் குறைவை அரசு கலாலாக எடுத்துக்கொண்டது.

2024 மார்ச் 14 இரவு அந்த நீண்ட நிறுத்தம் கலைந்தது. மறுநாள் காலை முதல் லிட்டருக்கு 2 ரூபாய் குறைவு. சென்னையில் பெட்ரோல் 100.75, டீசல் 92.34. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு.

அதற்கு அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரல் 7 அன்று, பக்கத்தில் பெரிய தேர்தல் எதுவும் இல்லாத நேரம். கச்சா எண்ணெய் 60 டாலர் சொச்சத்துக்கு விழுந்திருந்தது. மத்திய அரசு பெட்ரோல், டீசல் இரண்டிலும் கலாலை 2 ரூபாய் ஏற்றியது. பங்கில் விலை மாறாது என்ற உறுதியோடு. மறுநாள் காலை நான் போனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. போர்டும் மாறவில்லை. ஜீரோ பார்த்துவிட்டு நகர்ந்தேன்.